துளசம்மாவின் காணி

நிலாவெளியில் காணிப் பேச்சு எழாத வீடு அரிது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் முதலில் தேடியது வளவின் எல்லைக்கல்லையும் காணி உறுதியையும்தான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்துபோன பின்னர், அலுமாரியோடு உறுதியையும் பறிகொடுத்தவர்கள் பிரதி எடுக்கக் காணிப் பதிவகத்திற்கு நடந்தார்கள். உறுதி கைக்குக் கிடைத்தால் ஒரு பெருமூச்சு. ஆனால் அந்த உறுதியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

“இவர் தமது சீவிய காலம் வரை அனுபவித்து வரவும், அதன் பின்னர் இன்னாரைச் சேரவும் கடவது” என்பது போன்ற ஒரு வரி உள்ளே இருக்கலாம். அந்த ஒரு வரி, காணியில் குடியிருக்கும் பெண்ணை அதன் சொந்தக்காரியாக வைத்திருக்கிறதா, வெறும் அனுபவக்காரியாக ஆக்கிவிடுகிறதா? இந்தியாவில் ஓர் இந்து விதவையின் வழக்கு இதே கேள்வியில் வந்து நின்றது. 1944இல் அவர் நீதிமன்றப் படி ஏறினார். இறுதி விடை 1977இல்தான் கிடைத்தது. இப்பாடத்தில் அந்த வழக்கைப் படிப்போம்.

“இந்துப் பெண்களுக்கான சட்டம் நமக்கு எதற்கு?” என்று மாணவிகள் கேட்கலாம். அடுத்த வளவில் வாழ்பவரின் சட்டத்தை அறிந்திருப்பது நல்ல அயலாருக்கு அழகு. அதைவிட, இவ்வழக்கு எழுப்பும் கேள்வி எந்தச் சமயத்துப் பெண்ணின் வீட்டிலும் எழக்கூடியது.

பழைய சட்டத்தில் விதவையின் நிலை

பிரிவினை செய்யப்படாத இந்துக் கூட்டுக்குடும்பத்தில், பழைய மிதாட்சர முறைப்படி, ஆண்களே பிறப்பால் பங்காளிகள். ஒரு பங்காளி ஆண்பிள்ளை இல்லாமல் இறந்தால் அவருடைய பங்கு மனைவிக்குப் போகாது. எஞ்சியிருக்கும் சகோதரர் முதலான ஆண்களையே சேரும். மனைவிக்கு உரியது தாபரிப்பு மட்டும், அதாவது உணவு, உடை, உறைவிடம்.

1937இல் இந்துப் பெண்கள் ஆதன உரிமைச் சட்டம் வந்தது. கணவனின் பங்கு விதவைக்குக் கிடைக்க அது வழி செய்தது. ஆயினும் அது முழு உரித்து அன்று. அவள் அனுபவிக்கலாம், தக்க அவசியம் இருந்தாலன்றி விற்க முடியாது, அவள் கண் மூடியதும் காணி கணவனின் வாரிசுகளிடம் திரும்பிவிடும். இதை ‘வரையறுத்த உரித்து’ என்பார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தாபரிப்பு என்பது புகுந்த வீட்டார் இரக்கப்பட்டுப் போடும் சோறு அன்று. மனைவியைத் தாபரிப்பது கணவனின் கடமை. அவனிடம் சொத்து இல்லாவிட்டாலும் அக்கடமை அவனை விடாது. சொத்து இருந்தால், அச்சொத்திலிருந்து தாபரிப்பைக் கேட்கும் உரிமை மனைவிக்கு உண்டு. இது பழைய இந்து தர்ம நூல்களே ஏற்றுக்கொண்ட உரிமை. வழக்கின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

நெல்லூரில் நடந்தது

வெங்கடசுப்பா ரெட்டி என்பவர் 1931இல் இறந்தார். அப்போது அவர் தம் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரரான சேஷ ரெட்டியோடு கூட்டுக்குடும்பமாக இருந்தார். அவருடைய மனைவி துளசம்மா. கணவர் இறந்தது 1937ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன்னர் என்பதால், அச்சட்டம் தந்த சிறு உரித்தும் துளசம்மாவுக்கு இல்லை. அவர் கேட்கக்கூடியது தாபரிப்பு ஒன்றே.

1944 ஒக்டோபர் 11ஆம் திகதி, அன்று மதராஸ் மாகாணத்தில் இருந்த நெல்லூர் முன்சீப் நீதிமன்றத்தில் அவர் தாபரிப்புக் கேட்டு மனுச் செய்தார். நீதிமன்றக் கட்டணம் செலுத்தவும் வசதி இல்லாத வறிய வழக்காளியாகவே அவர் அங்கே நின்றார். 1946இல் அவருக்குச் சார்பான தீர்ப்புக் கிடைத்தது. அதை நிறைவேற்ற முயன்றபோது இரு தரப்பும் ஓர் இணக்கத்துக்கு வந்தன. 1949 ஜூலை 30ஆம் திகதி அந்த இணக்கம் நீதிமன்றத்தில் பதிவாயிற்று.

இணக்கத்தின்படி சில ஆதனங்கள் துளசம்மாவுக்கு ஒதுக்கப்பட்டன. கூடவே ஒரு நிபந்தனையும் எழுதப்பட்டது. அவர் தம் ஆயுள் வரை அனுபவிக்கலாம். விற்கவோ வேறு விதமாகக் கைமாற்றவோ அதிகாரம் இல்லை. அவருக்குப் பின் எல்லாம் சேஷ ரெட்டியைச் சேரும்.

துளசம்மா அந்தக் காணிகளைத் தம் அனுபவத்தில் வைத்திருந்தார். 1956 ஜூன் 17ஆம் திகதி இந்தியாவில் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், 1960 ஏப்ரலில் சில காணிகளைக் குத்தகைக்கு எழுதினார். 1961 மே மாதத்தில் சிலவற்றை விற்றார்.

சேஷ ரெட்டி விடவில்லை. “விற்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, இந்தக் கைமாற்றங்கள் அவர் உயிரோடு இருக்கும் வரைதான் செல்லும்” என்று 1961 ஜூலையில் வழக்குத் தொடுத்தார். முன்சீப் நீதிமன்றம் சேஷ ரெட்டிக்குச் சார்பாகத் தீர்த்தது. மேன்முறையீட்டில் மாவட்ட நீதிபதி துளசம்மாவின் பக்கம் நின்றார். ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அதையும் மாற்றி, மீண்டும் சேஷ ரெட்டிக்கே வெற்றி தந்தது. எஞ்சியது இந்திய உச்ச நீதிமன்றம் மட்டும்.

ஒரு பிரிவு, இரண்டு உட்பிரிவுகள்

மூன்று நீதிமன்றங்கள் இப்படி மாறி மாறித் தீர்ப்பளிக்கக் காரணம் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அதில் இரண்டு உட்பிரிவுகள் உள்ளன.

முதலாம் உட்பிரிவின் பொருள் இது. ஓர் இந்துப் பெண் உடைமையாக வைத்திருக்கும் ஆதனம் எதுவும், அது சட்டம் வருமுன் கிடைத்ததானாலும் வந்தபின் கிடைத்ததானாலும், அவளுக்கு முழு உரித்தாகும். வரையறுத்த உரித்தாக இராது. வாரிசாக வந்தது, பங்கு பிரித்தபோது வந்தது, நன்கொடையாக வந்தது, தானே உழைத்துத் தேடியது, சீதனம் என்று ஆதன வகைகளைச் சட்டம் எண்ணிச் சொல்கிறது. அந்த வரிசையில் ‘தாபரிப்புக்குப் பதிலாகக் கிடைத்தது’ என்பதும் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது.

இரண்டாம் உட்பிரிவு ஒரு விலக்கு. நன்கொடை, மரணசாசனம், வேறு ஆவணம், நீதிமன்றத் தீர்ப்பு அல்லது கட்டளை, நடுவர் தீர்ப்பு ஆகியவற்றின் மூலம் ஓர் ஆதனம் கிடைத்து, அதிலேயே ‘வரையறுத்த உரித்து’ என்று எழுதியிருந்தால், முதலாம் உட்பிரிவு பொருந்தாது.

இப்போது மாணவிகள் ஒரு கணம் நிறுத்திச் சிந்தியுங்கள். துளசம்மாவின் காணி தாபரிப்புக்குப் பதிலாக வந்தது. ஆகவே முதலாம் உட்பிரிவு. அதே காணி நீதிமன்றத்தில் பதிவான இணக்கம் மூலமாக, ‘ஆயுள் வரை மட்டும்’ என்ற நிபந்தனையோடு வந்தது. ஆகவே இரண்டாம் உட்பிரிவு. இரண்டுமே பொருந்துவது போலத் தோன்றினால் எதைப் பிடிப்பது? இந்தியாவின் உயர் நீதிமன்றங்களே இதில் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றன. இந்தப் பிரிவு எழுதப்பட்ட சீரில்லாத விதம் வழக்காளிகளுக்கு முடிவில்லாக் குழப்பத்தையும் வழக்கறிஞர்களுக்குச் சொர்க்கத்தையும் தந்திருக்கிறது என்று நீதிபதி பகவதி பின்னர் குறைப்பட்டார்.

உச்ச நீதிமன்றத்தின் விடை

1977 மார்ச் 17ஆம் திகதி தீர்ப்பு வெளியாயிற்று. பி. என். பகவதி, ஏ. சி. குப்தா, சையத் முர்தாசா ஃபசல் அலி ஆகிய மூன்று நீதிபதிகளும் துளசம்மாவுக்குச் சார்பாக ஒரே முடிவுக்கு வந்தனர். யாக்ஞவல்கியர், மனு முதலானோரின் நூல்கள் வரை சென்று, இந்து மனைவியின் தாபரிப்பு உரிமை எவ்வளவு பழையது, எவ்வளவு வலியது என்று விரிவாக ஆராய்ந்து எழுதியவர் நீதிபதி ஃபசல் அலி. ஒரு முஸ்லிம் நீதிபதி இந்து தர்ம நூல்களைக் கவனமாகக் கற்று, ஓர் இந்து விதவையின் உரிமையை நிலைநாட்டினார் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது.

தீர்ப்பின் சாரத்தை எளிய உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். உங்கள் தோழி உங்களிடம் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கியிருக்கிறாள். அதைத் திருப்பித் தரும்போது, “இந்தப் பணத்தில் நீ புத்தகம் மட்டும்தான் வாங்க வேண்டும்” என்று அவள் கட்டளை போட முடியுமா? முடியாது. அது ஏற்கெனவே உங்களுக்கு உரியது. அதே தோழி பெருநாளுக்கு ஆயிரம் ரூபாய் அன்பளிப்புத் தந்து, “புத்தகம் வாங்கு” என்றால் அது வேறு. அது அவளுடைய பணம், நிபந்தனையும் அவளுடையது.

நீதிமன்றம் இரண்டு உட்பிரிவுகளையும் பிரித்த விதம் ஏறக்குறைய இதுவே. ஓர் ஆவணம் ஒரு பெண்ணுக்கு முன்பு இல்லாத உரித்தைப் புதிதாகக் கொடுக்குமானால், அதில் எழுதிய கட்டுப்பாடு செல்லும். அங்கே இரண்டாம் உட்பிரிவு ஆளும். ஆனால் அவளுக்கு முன்பே இருந்த உரிமையை ஏற்றோ உறுதிப்படுத்தியோ அந்த ஆவணம் எழுதப்பட்டிருந்தால், அதில் எழுதிய கட்டுப்பாடு அவளைக் கட்டாது. அங்கே முதலாம் உட்பிரிவே ஆளும்.

துளசம்மாவுக்கு 1949இல் யாரும் தானம் செய்யவில்லை. கணவர் இறந்த 1931 முதல் குடும்பச் சொத்தின்மீது அவருக்கு இருந்த தாபரிப்பு உரிமைக்கு ஈடாகவே அந்தக் காணிகள் வந்தன. ஆகவே 1956இல் சட்டம் வந்தபோது அவருடைய வரையறுத்த உரித்து முழு உரித்தாக விரிந்துவிட்டது. 1961இல் அவர் விற்றதும் செல்லும். கணவர் இறந்து 46 ஆண்டுகளுக்குப் பின், காணி துளசம்மாவுடையதே என்று உறுதியாயிற்று.

தீர்ப்பின் எல்லை

ஒரு தீர்ப்பைப் படிக்கும்போது அது எங்கே நிற்கிறது என்பதையும் அறிய வேண்டும். பெண்ணுக்கு எழுதப்படும் ஒவ்வோர் ஆயுட்கால உரித்தும் முழு உரித்தாகிவிடும் என்று துளசம்மா வழக்குச் சொல்லவில்லை. உதாரணமாக, தாபரிக்கும் கடமை எதுவும் இல்லாத ஒருவர் தம் சொந்த வீட்டை ஓர் உறவுக்காரப் பெண்ணுக்கு ஆயுள் வரை மட்டும் என்று மரணசாசனம் எழுதினால், அது புதிய உரித்து, கட்டுப்பாடு நிற்கும்.

கணவனே தன் சுயசம்பாத்தியத்தை மனைவிக்கு ஆயுள் வரை மட்டும் என்று மரணசாசனம் எழுதினால்? இங்கேதான் சிக்கல். 2006இல் உச்ச நீதிமன்றம் ஒரு பஞ்சாப் வழக்கில் அத்தகைய கட்டுப்பாடு செல்லும் என்றது. இரண்டு வகையாகவும் தீர்ப்புகள் சேர்ந்துபோனதால், 2024 டிசம்பர் 9ஆம் திகதி இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒன்று, 14ஆம் பிரிவின் இரண்டு உட்பிரிவுகளுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக்குமாறு இக்கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. துளசம்மா எழுப்பிய கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

நம் நாட்டில்

இந்திய இந்து வாரிசுரிமைச் சட்டம் இலங்கை இந்துக்களுக்குப் பொருந்தாது. இந்துக்கள் அனைவருக்கும் பொதுவான தனிச் சட்டம் இங்கே இல்லை. யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், அது தொகுப்பாக்கப்பட்டது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையா ஆதனத்தைத் தன் பெயரில் வைத்திருக்கலாம். ஆனால் விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. பொதுச் சட்டத்திற்கு உட்பட்ட பெண்ணோ, 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி தன் ஆதனத்தைத் தானே வைத்திருக்கவும் கைமாற்றவும் முடியும். அவளுடைய கணவன் மரணசாசனம் இன்றி இறந்தால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பாதி ஆதனம் அவளுக்கு உரியது.

முஸ்லிம் பெண்ணுக்கு மஹர் அவளுடைய சொந்தச் சொத்து. கொடுபடாத மஹர் கணவனின் கடன். வாரிசுகள் பங்கு பிரிக்குமுன் அது தீர்க்கப்பட வேண்டும். வாரிசுப் பங்கில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையேல் நான்கில் ஒன்று. தாபரிப்பு வழக்கைப் பொறுத்தவரை, முஸ்லிம் மனைவி 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றத்தை நாடுகிறாள். ஏனையோர் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தை நாடலாம்.

‘ஆயுள் வரை மட்டும்’ என்ற சொல் நம் மாவட்டத்திலும் பழக்கமானதே. அரசாங்கம் வழங்கிய பெர்மிட் காணிகளையும் அளிப்புக் காணிகளையும் ஆள்வது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அச்சட்டத்தின் பொது ஒழுங்குப்படி, காணி உரிமையாளர் இறந்தால் அவருடைய வாழ்க்கைத் துணை அக்காணியில் இருந்து அனுபவிக்கலாம். கைமாற்றும் அதிகாரம் இல்லை. மறுமணம் செய்தால் காணி பின்னுரித்தாளரைச் சேரும். எனவே பெர்மிட் காணி உள்ள குடும்பங்கள், பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதிவாகியிருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

கிழக்கிலே மகளுக்குக் கலியாணத்தோடு வீடு எழுதிக் கொடுக்கும் வழக்கம் இந்துக்களிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. பெற்றோர் தங்கள் சீவிய உரித்தை ஒதுக்கிவைத்து எழுதுவதும் உண்டு. அதில் தவறில்லை, முதுமைக்கு அது ஒரு பாதுகாப்பு. ஆனால் எழுதுபவரும் பெறுபவரும் அதன் பொருளை விளங்கியிருக்க வேண்டும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அது ஏன் எழுதப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும் என்று துளசம்மா வழக்குக் கற்பிக்கிறது. கொடுப்பவரின் கொடையா, பெறுபவரின் உரிமையா? இந்தக் கேள்விதான் காணி யாருடையது என்பதைத் தீர்மானித்தது.

இரண்டாவது பாடம் இன்னும் எளியது. 1949இல் எழுதப்பட்ட ஒரு நிபந்தனையிலிருந்து விடுபட அந்தப் பெண்ணுக்கு 28 ஆண்டுகள் ஆயின. எழுதும் வேளையிலேயே ஒரு நல்ல சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிந்தால், நீதிமன்ற வாசலில் ஒரு வாழ்நாளைக் கழிக்கத் தேவையில்லை. நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பம் வைக்குமுன், “இதில் எனக்குக் கிடைப்பது முழு உரித்தா, சீவிய உரித்தா?” என்று கேட்க எந்தப் பெண்ணும் கூச்சப்பட வேண்டியதில்லை. பெற்றோரும் பிள்ளைகளை அப்படிக் கேட்கப் பழக்குங்கள்.

பயிற்சி

1. இந்தியாவில் ஓர் இந்து மனைவி கணவனைப் பிரிந்து வாழ்கிறாள். தாபரிப்பு வழக்கில் இணக்கம் ஏற்பட்டு, மாதப் பணத்திற்குப் பதிலாக ஒரு வயல் அவளுக்கு எழுதப்படுகிறது. ‘ஆயுள் வரை மட்டும்’ என்று நிபந்தனையும் உண்டு. துளசம்மா வழக்கின்படி அவளுக்குக் கிடைப்பது என்ன?

2. ஒரு செல்வந்தர் தம் நண்பரின் மகளுக்கு ஒரு கடையை ஆயுட்காலம் வரை அனுபவிக்க நன்கொடையாக எழுதுகிறார். அவளுக்குக் கிடைப்பது என்ன?

3. துளசம்மாவின் கணவர் 1931இல் அல்லாமல் 1938இல் இறந்திருந்தால், அப்போது அவர் கோரக்கூடியது தாபரிப்பு மட்டுமா?

விடைக் குறிப்பு: முதலாவதில் முழு உரித்து. வயல் அவளுடைய தாபரிப்பு உரிமைக்கு ஈடாக வந்தது. இரண்டாவதில் வரையறுத்த உரித்து. நண்பரின் மகளுக்கு அக்கடையில் முன்பு எந்த உரிமையும் இல்லை. மூன்றாவதில், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கணவனின் பங்கையும் வரையறுத்த உரித்தாகக் கோரியிருக்கலாம்.

நான்காவது பயிற்சி வீட்டில் செய்வதற்கு. இந்த விடுமுறையில் உம்மாவிடமோ உம்மம்மாவிடமோ வீட்டு உறுதியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவர்களின் அருகில் அமர்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசித்துக் காட்டுங்கள். விளங்காத சொல்லைக் குறித்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.